அடிக்கட்டைகள்

கப்பலில் சொன்னார்கள்:
குடும்பத்துக்குப் பன்னிரண்டு ஏக்கர், இலவசம்.
மூன்று வருடத்தில் வெட்டித் திருத்தினால் உங்களுடையது,
இல்லாவிட்டால் அரசாங்கத்துடையது.
இப்போது யாருடையது என்று
எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

தொக்காச்சி ஆற்றின் முகத்துவாரத்தில் இறங்கி
இடுப்பளவு நாணலில் இரண்டு நாள் நடந்தோம்.
எங்கள் எண் எழுதிய முளைக்குச்சி
ஓர் எல்ம் மரத்தின் காலடியில் நின்றது.
நான்கு பேர் கைகோத்தும் கட்டிப்பிடிக்க முடியாத மரம்.
அவாஜித் தீவில் விற்றுவிட்டு வந்த வயல்
அதன் நிழலுக்குள் அடங்கிவிடும்.

என் புருஷன் சோகிச்சி
கோடரி விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான்.
மரம் விழ ஒன்பது நாள் ஆனது.
விழுந்ததும் கொட்டிய வெளிச்சத்தில்
என் கைகளை முதன்முதலாகச் சரியாகப் பார்த்தேன்.
யாருடைய கைகளோ போலிருந்தன.

குளிர்காலம்.
கூரை நாணல், சுவர் நாணல், கதவு ஒரு பாய்.
விடிந்தால் போர்வைமேல் பனி,
மூச்சுப் பட்ட ஓரம் மட்டும் கண்ணாடித் தகடு.
மிசோக் கட்டியைக் கோடரியால் பிளந்தோம்.
நெருப்பருகே முகம் வெந்தது, முதுகு உறைந்தது.
பிப்ரவரியில் சின்னவன் ஹெய்தா போனான்.
தரை இரும்பு.
ஏப்ரல் வரை பனிக்குள்ளேயே வைத்திருந்தோம்.
வீட்டின் வடக்குப் பக்கம்
ஏப்ரல் வரை நான் போகவில்லை.

அடுத்த கோடையில் தினை முழங்காலுக்கு வந்தபோது
மேற்கே ஒரு மேகம் மினுங்கியது.
மழை என்று வாளியை வெளியே வைத்தேன்.
வாளி நிறைய வெட்டுக்கிளி.
தினையைத் தின்றன, கதவுப் பாயைத் தின்றன,
கொடியில் காய்ந்த சட்டையில்
கழுத்துப்பட்டி மட்டும் மிச்சம்.
அதைப் பார்த்துச் சோகிச்சி சிரித்தான்.
சிரிப்பு நிற்கவில்லை.
அதனால்தான் ஆற்றோரக் குடிசைக்கு ஓடினேன்.

ஷுத்மத்துக்கு என் வயதுதான் இருக்கும்.
உதட்டைச் சுற்றிப் பச்சை குத்திய அந்த வாய்
என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.
காட்டுக்குள் கூட்டிப்போய்
ஓர் அகன்ற இலைக்கடியில் கிளறிக்
கிழங்கெடுத்தாள். துரெப் என்றாள்.
இடித்து, ஊறவைத்து, மாவைப் படியவிட்டு
வட்டமாய்த் தட்டி நடுவில் துளையிட்டு உலர்த்தினோம்.
இலை உதிரும் காலத்தில் அவள் கணவன் சன்கேரெக்
காய்ந்த சால்மன் இரண்டை
கதவில்லாத எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனான்.
பிழைத்தோம்.

மூன்றாம் வருடம் ஆற்றங்கரையில் பலகை நட்டார்கள்:
இங்கே சால்மன் பிடிக்கத் தடை.
எனக்குப் படிக்கத் தெரியும்.
அவளுக்குச் சொல்லத் தெரியாது.
அவள் மொழியில் என்னிடம் ஐந்தே சொற்கள்:
கிழங்கு, நெருப்பு, நீர், மீன், வா.
'மீன்' என்று சொல்லித் தலையை ஆட்டினேன்.
இல்லை என்று ஆட்டினேன்.
எங்களிடம் இல்லை என்று புரிந்துகொண்டாள்.
உள்ளே போய்
ஒரு மீன் எடுத்துவந்து தந்தாள்.

அக்டோபரில் நில அதிகாரி வந்தார்.
அடிக்கட்டைகளைப் பிரம்பால் தட்டித் தட்டி எண்ணினார்.
நூற்று நாற்பத்தேழு.
பத்திரத்தில் சிவப்பு முத்திரை ஈரமாய் மினுங்கியது.
"அக்கம்பக்கத்தில் யாராவது மீன் திருடுகிறார்களா?"
அடுப்புக்கு மேலே புகையில்
அந்த மீன் தொங்கிக்கொண்டிருந்தது.
சோகிச்சி பத்திரத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
"இல்லை ஐயா" என்றோம்.
அதற்குள் முத்திரை காய்ந்துவிட்டிருந்தது.
அவர் மூக்கை உறிஞ்சினார், தொப்பியை எடுத்துக்கொண்டார்.

பத்தாம் நாள் சன்கேரெக்கைக்
கைகளைக் கட்டிக் கூட்டிப்போனார்கள்,
எங்கள் வயல் வழியாக.
ஊருக்குப் போக இருக்கும் ஒரே பாதை
நாங்கள் வெட்டியது.
அடிக்கட்டைகளைச் சுற்றிச் சுற்றி
அவன் நடந்துபோனான்.